பல ஊர்களில் ஒரே நடைமுறை

(நமது சங்கத்தின் நாகபுரிக் கிளையில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆன்மிகம் பேச நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வேறு ஏதாவது விஷயம் பேசுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் இப்போது அதிகம் காதில் விழும் வார்த்தைகள் எவை என்று யோசித்தேன். 'ப்ராஸஸ்', 'டெம்ப்ளேட்', 'ரோல்-அவுட்', 'கோ-லைவ்'. பிள்ளையோ, மாட்டுப்பெண்ணோ, பேரனோ ராத்திரி பத்து மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இந்த வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "என்னடா வேலை அது?" என்று கேட்டால், "உனக்குச் சொன்னா புரியாது தாத்தா" என்று பதில் வருகிறது. புரியாத விஷயம் ஒன்றுமில்லை. ரசாயனத்தில் பட்டம் வாங்கி, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்த எனக்கு, அது மிகவும் பரிச்சயமான பழைய விஷயமாகவே படுகிறது.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனிக்குப் பல தேசங்களில் ஆலைகளும் ஆபீஸ்களும் இருக்கின்றன. சாமான் வாங்குவது, பில் பாஸ் செய்வது, கணக்கு முடிப்பது, சரக்கு அனுப்புவது ஆகிய எல்லாமே இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று தலைமையகம் தீர்மானிக்கிறது. இது நியாயமா? நியாயம் என்றால் எதுவரை? எப்படிச் செய்தால் நிலைக்கும், எப்படிச் செய்தால் விழும்?

இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் சொந்த மையங்கள் 1,700-க்கும் மேல், அவற்றில் வேலை செய்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர் என்று 2024-இல் வெளியான நாஸ்காம் அறிக்கை சொல்கிறது. வேறு கண்டத்து ஆலை வாங்கிய சாமானுக்கான பில்லைப் பெங்களூரில் உட்கார்ந்து நம் வீட்டுப் பெண் பாஸ் செய்கிறாள். போதாக்குறைக்கு, பெரிய கம்பெனிகள் பலவும் உபயோகிக்கும் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம், தன் பழைய மென்பொருளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடியும் என்று அறிவித்திருக்கிறது. புதியதற்கு மாறும்போது பழைய நடைமுறைகளையும் ஒருமுறை உலுக்கிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ராத்திரியில் கண்விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே வெனிலாவுக்கு 29 விலை

உதாரணத்துக்கு நெஸ்லே கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். ஸ்விட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில் தலைமையகம். அதன் சரித்திரம் 1866-இல் தொடங்குகிறது. நமக்கு அந்நியமானது அல்ல. பஞ்சாபில் மோகாவில் 1961-இலும், நம் நீலகிரியில் சோலாடியில் 1967-இலும், மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் 1989-இலும் ஆலை வைத்தவர்கள். சாப்பாட்டுச் சாமான் வியாபாரம் என்பதால், அந்தந்த நாட்டின் நாக்கும் சந்தையும் அந்தந்த நாட்டு மேலாளருக்குத்தான் தெரியும் என்பது அவர்களுடைய நெடுநாள் கொள்கை. அதனால் ஒவ்வொரு நாட்டு மேலாளரும் ஒரு குறுநில மன்னர் மாதிரி. கம்பெனி நன்றாகவே வளர்ந்தது.

அமெரிக்காவில், தான் வாங்கியிருந்த பல கம்பெனிகளை 1991-இல் ஒன்றுசேர்த்து 'நெஸ்லே யு.எஸ்.ஏ.' என்று ஆக்கினார்கள். பெயர்ப்பலகை ஒன்றானதே தவிர, உள்ளே ஒவ்வொரு பிரிவும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. 1997-இல் ஒரு குழு உட்கார்ந்து கணக்குகளைப் பார்த்தது. ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாவற்றுக்கும் வெனிலா வேண்டும். ஒரே வியாபாரி, ஒரே வெனிலா. அதற்கு இந்த ஒரே கம்பெனியின் வெவ்வேறு பிரிவுகள் 29 வெவ்வேறு விலைகள் கொடுத்துக்கொண்டிருந்தன!

இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அங்கே இருந்தவர்கள் அசடுகள் அல்ல. ஒவ்வொரு ஆலையும் வெனிலாவுக்குத் தன் இஷ்டப்படி ஒரு குறியீட்டு எண் வைத்திருந்தது. ஒருவர் புத்தகத்தில் அது ஒரு எண், இன்னொருவர் புத்தகத்தில் வேறு எண். இரண்டும் ஒரே சாமான் என்று கணக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அண்ணாவும் தம்பியும் ஒரே மளிகைக் கடையில் ஒரே துவரம்பருப்பை வெவ்வேறு விலைக்கு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும். ஒருவர் பருப்பு என்றும் மற்றவர் வேறு ஏதோ பெயரும் எழுதி வைத்திருந்தால், பேசினாலும் தெரியாது. கடைக்காரருக்கு மட்டும் தெரியும்!

ஆகவே, பல இடங்களில் ஒரே நடைமுறை கொண்டுவருவதில் முதல் வேலை, பெயரை ஒன்றாக்குவது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நம் தேசத்தில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. தபால் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. (ஐவர் சேர்ந்து எஸ்.ஏ.பி. கம்பெனியைத் தொடங்கியதும் அதே 1972-இல்தான்.) அதை வகுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. நம் நாட்டில் ஒரே பெயரில் எத்தனை ஊர்கள்! ராமபுரம் என்றால் எந்த ராமபுரம்? விலாசம் எழுதுவதோ பத்துப் பதினைந்து பாஷைகளில். வேலங்கர் எந்த ஊரின் பெயரையும் மாற்றச் சொல்லவில்லை. உங்கள் பாஷையில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் இந்த 6 இலக்கத்தைச் சேர்த்துவிடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 6-இல் தொடங்கினால் தமிழ்நாட்டுப் பக்கமோ கேரளத்துப் பக்கமோ போக வேண்டும் என்று, தமிழே படிக்கத் தெரியாத நாகபுரி ஊழியருக்கும் தெரிந்துவிடுகிறது. எதை ஒன்றாக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று புரிந்தவர் செய்த காரியம் அது.

மாற்றம் ஏன் பாதியில் நின்றது

நெஸ்லேக்குத் திரும்புவோம். நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்து கொடுத்த விதத்தில்தான் கோளாறு. அமெரிக்கப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கொண்டு ஒரே முறை கொண்டுவருவது என்று முடிவாயிற்று. திட்டம் வகுத்த குழுவில், அந்த முறையை நாளைக்குக் கையாளப்போகும் பிரிவுகளின் முக்கியமானவர்கள் ஒருவரும் இல்லை. மேலே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள், கீழே இருந்தவர்களுக்கு அறிவிப்பு வந்தது. போதாததற்கு 2000-ஆம் ஆண்டுக் கம்ப்யூட்டர் பயம் வேறு. 1999 முடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தில் ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளைக் கவனிக்கவில்லை. விற்பனை செய்பவர் ஒரு வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்துத் தன் பகுதியில் பதிவு செய்வார். வசூல் செய்யும் பிரிவுக்கு அது தெரியாது. வாடிக்கையாளர் சரியான பணத்தைத்தான் கட்டியிருப்பார். வசூல் பிரிவின் திரையிலோ, பாக்கி வைத்திருப்பதாகக் காட்டும்! பெயர்கள் ஒன்றாகிவிட்டன, மென்பொருள் ஒன்றாகிவிட்டது, ஆனால் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு விஷயம் போகவில்லை.

வேலை செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். எந்தச் சரக்கு எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்லும் ஊழியர்கள் இருந்தார்கள். வருஷக்கணக்காகத் தங்களுக்குப் பழகிய கணக்குத் தாள்களைவிட்டுப் புதிய சிக்கலான முறைக்கு வர அவர்களால் முடியவில்லை. அந்தப் பிரிவில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 77 சதவீதம் வரை போயிற்று. அதன் அர்த்தம் என்ன? மழை பெய்தால் சூப் எவ்வளவு விற்கும், பள்ளிக்கூடம் திறந்தால் சாக்லேட் எவ்வளவு போகும் என்று தலைக்குள் வைத்திருந்தவர்கள் அந்த ஞானத்தோடு வாசல் தாண்டிப் போய்விட்டார்கள். எந்த மென்பொருளும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

2000 ஜூன் மாதம் திட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு பிரிவுகளின் பொறுப்பாளர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள். தேதியை முதலில் வைத்துக்கொண்டு வேலையை அதற்குள் திணிப்பதை விட்டார்கள். என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதி, தேதியைப் பிறகு வைத்தார்கள். மாற்றத்தை ஊழியர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்டறிய ஏற்பாடு செய்தார்கள். அதன்பின் வண்டி ஓடியது. 2002 வாக்கில் 32 கோடி டாலருக்கு மேல் மிச்சமானதாகக் கம்பெனி சொன்னது.

அதே 2000-இல் நெஸ்லேயின் தலைவர் பீட்டர் பிராபெக் உலகம் முழுவதுக்குமாக 'குளோப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நல்ல நடைமுறைகளைப் பொதுவாக்குவது, தகவல்களின் பெயரையும் எண்ணையும் ஒன்றாக்குவது, கம்ப்யூட்டர் அமைப்பை ஒன்றாக்குவது என்று மூன்று குறிக்கோள்கள். கம்ப்யூட்டர் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். திட்டத்தின் பொறுப்பை கிறிஸ் ஜான்சன் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல, தைவானில் நெஸ்லேயின் வியாபாரத்தை நடத்திக்கொண்டிருந்தவர். பல தேசங்களிலிருந்து வியாபாரம் தெரிந்தவர்களை வரவழைத்து முறையை வகுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியின் பெரும்பகுதி அந்த முறைக்குள் வந்தது.

இரண்டாவது நோட்டுப் புத்தகம்

இதைப் படித்தபோது எனக்கு நம் சர்க்கார் ஆபீஸ்கள்தான் நினைவுக்கு வந்தன. நான் வேலை பார்த்த ஒரு துறை, பெயர் வேண்டாம். தேசம் முழுவதும் அதற்குக் கிடங்குகள். எல்லாக் கிடங்குகளுக்கும் டில்லியிலிருந்து ஒரே படிவம். அதில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க எவ்வளவு கரி செலவாயிற்று என்று ஒரு பத்தி. டில்லிக்கும் சிம்லாவுக்கும் சரி. தெற்கே கடலோரக் கிடங்கில் இருந்த குமாஸ்தா மாதாமாதம் அதில் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்.

சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. கடல் காற்றில் இரும்புச் சாமான் துருப்பிடித்து வீணாகும். எவ்வளவு வீணாயிற்று என்று எழுதப் படிவத்தில் இடமே கிடையாது. ஏனென்றால் படிவம் வகுத்தவர் கடலோரக் கிடங்கைப் பார்த்ததில்லை. அந்தக் குமாஸ்தா என்ன செய்தார்? தன் மேஜை டிராயரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, உண்மையான இருப்பை அதில் எழுதினார். மேலே போவது படிவம். வேலை நடப்பது நோட்டுப் புத்தகத்தில். தணிக்கைக்கு வந்தவர்கள்கூடப் படிவத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் நோட்டுப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள்.

பின்னாளில் பல ஊர் ஆபீஸ்களைப் பார்வையிடும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கே போனாலும் முதலில், "உங்கள் சொந்த நோட்டு எங்கே?" என்றுதான் கேட்பேன். பயந்துகொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். அதில்தான் நம் படிவத்தின் ஓட்டைகள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பலர் அதை ஒழுங்கீனம் என்று பிடுங்கிக் கிழித்துப் போடுவார்கள். நோட்டைக் கிழித்தால் துரு நிற்காது. துருவின் கணக்குதான் போய்விடும்.

நெஸ்லேயின் ஊழியர்கள் விட மறுத்த கணக்குத் தாள்கள் இந்த நோட்டுப் புத்தகத்தின் அமெரிக்கத் தம்பிகள். இன்றும் எந்தப் பன்னாட்டுக் கம்பெனியிலும் கோடி கோடியாகச் செலவழித்து மென்பொருள் போட்ட பிறகு, ஊழியர்கள் பக்கத்தில் ஓர் எக்ஸெல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு அதில்தான் வேலை பார்க்கிறார்கள் என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, டிராயர் மாறவில்லை.

ஒன்றாக்காமல் விட்டதன் விலை

இப்படிச் சொல்வதால், அவரவர் வழியில் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏர்பஸ் கதை அதற்குப் பதில் சொல்லும்.

ஏர்பஸ் 1970-இல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, 2001-இல்தான் சட்டப்படி ஒரே கம்பெனி ஆயிற்று. ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தின் இறக்கை பிரிட்டனில், உடலின் பகுதிகள் ஜெர்மனியில் ஹாம்பர்கில், கடைசியாகப் பூட்டிச் சேர்ப்பது பிரான்ஸில் துலூஸ் நகரில். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் 530 கிலோமீட்டர். படம் வரைவதற்கு ஹாம்பர்கில் 'காட்டியா' என்ற மென்பொருளின் நாலாம் பதிப்பு. துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஒரே மென்பொருள்தானே, ஒரு பதிப்பு முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றும். ஒன்றில் வரைந்தது மற்றொன்றில் சரியாக ஏறவில்லை. கம்பி வளைந்து போகும் பாதையின் கணக்குத் தவறியது. ஹாம்பர்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளை துலூஸில் பூட்டப் போனால், நீளம் போதவில்லை!

ஜெர்மனியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் துலூஸுக்கு வந்து கையால் கம்பி மாற்ற வேண்டியதாயிற்று. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும், தாய்க் கம்பெனியான ஈ.ஏ.டி.எஸ்.ஸின் பங்கு விலை ஒரே நாளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஜூலையில் அதன் இணைத் தலைவர் நோயல் ஃபோர்ஜாரும், ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பெர்ட்டும் பதவி விலகினார்கள். 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று கம்பெனியே மதிப்பிட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர் 15 அன்று. இத்தனைக்கும் இரண்டு ஊர் இன்ஜினீயர்களும் கெட்டிக்காரர்கள். அவரவர் ஊரில் அவரவர் செய்தது சரி. இரண்டு சரிகள் சந்திக்கும் இடத்தில்தான் தவறு.

ரசாயனக் கூடத்துப் பாடம்

முழுக்க முழுக்க ஒன்றாக்கித்தான் தீர வேண்டிய இடமும் உண்டு. கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் கம்பெனி, 1980-களில் ஒரு சங்கடத்தில் இருந்தது. ஓர் ஆலையில் நூற்றுக்கு இத்தனை சிப் தேறுகிறது என்று ஒரு முறையைக் கண்டுபிடித்து, அதை வேறு ஆலைக்குக் கொண்டுபோனால் அங்கே தேறுவதில்லை. புதிய ஆலையின் இன்ஜினீயர்கள் ஆளுக்கொரு சின்ன 'முன்னேற்றம்' செய்திருப்பார்கள். எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பிற்பாடு தலைவரான கிரெய்க் பாரெட் முன்னின்று கொண்டுவந்த விதி, 'அப்படியே நகலெடு' என்பது. இயந்திரமும் ரசாயனமும் மட்டுமல்ல, குழாயின் நீளம்கூட முதல் ஆலையில் இருந்தபடியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா ஆனாலும், அயர்லாந்தில் லீக்ஸ்லிப் ஆனாலும் அதே விதி.

ரசாயனம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சோதனைக் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, மற்றதை எல்லாம் அசையாமல் வை என்றுதான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். எது முக்கியம் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒன்றாக வைப்பதுதான் விஞ்ஞானம்.

ஆனால் இன்டெல் இன்னொரு விதியும் வைத்தது. எந்த ஆலையில் இருப்பவரும் நல்ல மாற்றம் ஒன்றை முன்வைக்கலாம். ஆலைகள் எல்லாம் சேர்ந்த குழு அதைச் சோதித்து ஒப்புக்கொண்டால், எல்லா ஆலைகளிலும் அது வரும். அதாவது, திருட்டுத்தனமாக மாற்ற முடியாது. ஆனால் கதவு திறந்திருக்கிறது. கதவே இல்லாத வீட்டில்தான் ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பார்கள்.

ஆறு இலக்கம் பொது, மீதி நம்முடையது

எதுவரை ஒன்றாக்கலாம் என்ற கேள்விக்கு உங்கள் பையிலேயே விடை இருக்கலாம். ஜி.எஸ்.டி. பில்களில் எச்.எஸ்.என். என்று ஓர் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்குகளுக்கு எண் வைக்கும் இந்த உலக ஏற்பாடு 1988 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. முதல் 6 இலக்கம் உலகத்துக்கெல்லாம் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் சுங்கத் துறை 8 இலக்கம் வைத்திருக்கிறது. பொதுவானது எங்கே முடிகிறது, நம்முடையது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். யாரும் டிராயரில் தனி நோட்டு வைக்க வேண்டியதில்லை.

நல்ல கம்பெனியின் நடைமுறையும் இப்படித்தான் இருக்க வேண்டும். சாமானின் பெயர், எண், அளவு, கணக்குத் தலைப்பு, ஒருவர் அடுத்தவரிடம் வேலையை ஒப்படைக்கும் விதம் ஆகியவை எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கட்டும். அந்த நாட்டுச் சட்டம், வரி, வாடிக்கையாளரின் ருசி, தட்பவெப்பம் இவற்றுக்கு வெளிப்படையாக ஓர் இடம் விட்டுவைக்கட்டும். 1983-இல் இந்தியாவுக்கு வந்த மாகியில் மசாலா ருசி வைத்தவர்கள், ஸ்விட்சர்லாந்து ருசிதான் சாப்பிட வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தியிருந்தால் வியாபாரம் நடந்திருக்குமா? வெனிலாவின் எண் ஒன்றாக இருக்கட்டும், மசாலா அவரவருடையது.

நம் பிள்ளைகளுக்கு

இந்தக் காரியத்தில் நம் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பெண் முறையை எழுதுகிறாள். அடுத்த வீட்டில் பையன் அந்த முறையை ஏற்க வேண்டியவனாக இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு வார்த்தை.

எழுதுகிறவர்களுக்கு: உங்கள் திரையில் ஒரு பெட்டியும் ஓர் அம்புக்குறியுமாக இருப்பது, எங்கோ ஓர் ஊரில் ஒருவருடைய இருபது வருஷத்து உத்தியோகம். எழுதுமுன் அங்கே ஒருமுறை போய் ஒரு வாரம் பக்கத்தில் உட்காருங்கள். போக முடியாவிட்டால் போனிலாவது, "உங்கள் சொந்தத் தாளைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஏற்கிறவர்களுக்கு: "எங்கள் ஊர் வேறு மாதிரி" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எது வேறு, ஏன் வேறு, எவ்வளவு என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள். சட்டமா, தட்பவெப்பமா, வெறும் பழக்கமா என்று முதலில் நீங்களே பிரித்துப் பாருங்கள். பழக்கம் என்றால் விட்டுக்கொடுங்கள். துரு என்றால் விடாதீர்கள்.

கேள்வி நேரம்

பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். ஒரு மாமி கேட்டார்: "எல்லா ஊரிலேயும் ஒரே மாதிரி ஆயிடுத்துன்னா, நாளைக்கு எங்காத்துப் பிள்ளை வேலையைத் தூக்கி வேற தேசத்துக்குக் கொடுத்துட மாட்டாளா?"

நியாயமான பயம்தான் மாமி. முறை ஒன்றானதால்தான் அயல்நாட்டு வேலை நம் ஊருக்கே வந்தது. அதே வழியில் இங்கிருந்தும் போகலாம், இயந்திரத்துக்கும் போகலாம். எழுதிவைத்த முறைப்படி மட்டும் வேலை செய்கிறவருடைய வேலைதான் முதலில் போகும். முறையில் எங்கே ஓட்டை, ஏன் அப்படி என்று தெரிந்தவரைக் கடைசிவரை தேடுவார்கள். பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் கேட்டார்: "நம் சங்கத்துக்கு இத்தனை ஊரில் கிளைகள் இருக்கின்றனவே, சந்தா ரசீது ஊருக்கு ஊர் வேறு மாதிரி இருக்கிறதே, சார்?"

சபையில் எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். உறுப்பினர் எண்ணை முதலில் எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றாக்குங்கள் என்று சொன்னேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறிப்போகும் குடும்பம் மறுபடி புது உறுப்பினராகச் சேர வேண்டியிருக்காது. ரசீதின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிளைப் பொருளாளர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அவரவர் கையில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.